நான்காம் வரிசை பேண்ட்பாஸ் சப்வூஃபர்: முன்னறைக் குழாயை எந்த நீளத்தில் அறுப்பது?

பதிவு 1 · தாழொலி

அனைவருக்கும் வணக்கம். 10 அங்குல டிரைவர் (கூம்புள்ள ஒலிபெருக்கி அலகு) ஒன்றுக்கு, ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த அதிர்வெண் பட்டையை மட்டும் வெளிவிடும் நான்காம் வரிசை பேண்ட்பாஸ் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். பலகை 18 மி.மீ. எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை). பின்னறை முழுவதும் மூடியது, நடுப்பலகையில் டிரைவர், முன்னறையிலிருந்து ஒரே ஒரு வட்டக் குழாய் வெளியே வருகிறது. டிரைவரை முதலில் சில மணி நேரம் ஓட்டித் தளர்த்திவிட்டு நானே அளந்த எண்கள் இவை: தனி அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், மொத்த க்யூ (ஒத்ததிர்வின் கூர்மையைக் காட்டும் எண்) 0.40, சமானக் காற்றுக் கொள்ளளவு (கூம்பின் பிடிமானத்துக்கு நிகரான ஸ்பிரிங்காக இயங்கும் காற்றின் அளவு) 60 லிட்டர், கூம்பின் பரப்பு 330 சதுர செ.மீ., கூம்பு ஒரு பக்கம் அசையக்கூடிய தூரம் 8 மி.மீ.

பின்னறைக்கு 30 லிட்டர் எடுத்துக்கொண்டேன். அதில் டிரைவரின் அதிர்வெண் 52 ஹெர்ட்சாகவும் க்யூ 0.69 ஆகவும் உயர்கிறது. முன்னறையையும் அதே 52 ஹெர்ட்சுக்கு இசைவித்தால் (அறைக் காற்றும் குழாய்க் காற்றும் அந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரச் செய்தால்) இரு பக்கமும் சமச்சீரான பட்டை கிடைக்கும் என்பதால் முன்னறைக்கு 18.8 லிட்டர் கணக்கிட்டேன். கணக்கின்படி மூன்று டெசிபல் எல்லைகள் (ஒலி மூன்று டெசிபல் குறையும் இடங்கள்) ஏறக்குறைய 32 ஹெர்ட்சிலும் 86 ஹெர்ட்சிலும் விழுகின்றன. எனக்கு அது போதும்.

சிக்கல் குழாயில்தான். உள்விட்டம் 10 செ.மீ. என்று முடிவு செய்து வெவ்வேறு கணிப்பான்களில் இட்டுப் பார்த்தால், ஒன்று 40.2 செ.மீ. என்கிறது, ஒன்று 39, இன்னொன்று 37.9; ஒரு பழைய கணக்குத்தாள் 46.4 என்கிறது. உள்ளிட்ட எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றே. பலகை அறுத்தாகிவிட்டது, குழாய் இன்னும் அறுக்கவில்லை. இவற்றில் எதை நம்புவது?

பதிவு 2 · மின்மறுப்பு

நான்கும் ஒரே சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. விட்டத்தின் வர்க்கத்தை 23562.5 ஆல் பெருக்கி, அதை இசைவு அதிர்வெண்ணின் வர்க்கமும் லிட்டரில் உள்ள கொள்ளளவும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால், செ.மீ.இல் வருவது குழாயின் பயனுறு நீளம். உங்கள் எண்களுக்கு அது 46.4 செ.மீ. பழைய கணக்குத்தாள் அங்கேயே நின்றுவிட்டது.

உண்மையில் குழாயோடு சேர்ந்து அசைவது அதனுள் இருக்கும் காற்று மட்டுமன்று. இரண்டு வாய்களுக்கும் வெளியே சிறிது தூரம் வரையுள்ள காற்றும் அதனுடன் சேர்ந்தே அசைகிறது. அந்தக் கூடுதல் நீளத்தைக் கழிப்பதற்குப் பெயர் முனைத் திருத்தம். குழாயின் வாய் ஒரு பலகையோடு சமமாக முடிந்தால் அந்த முனைக்கு ஆரத்தில் 0.85 மடங்கும், வெறுங்காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால் 0.61 மடங்கும் கழிக்க வேண்டும். இரண்டு முனையும் நீட்டிக்கொண்டிருப்பதாகக் கொண்ட கணிப்பான் 40.2 என்கிறது, ஒன்று பலகையோடும் மற்றது வெறுங்காற்றிலும் என்றால் 39, இரண்டும் பலகையோடு என்றால் 37.9. ஆகவே எது சரி என்பது உங்கள் குழாய் எப்படிப் பொருத்தப்படப் போகிறது என்பதைப் பொறுத்தது.

என் கருத்தில் இவற்றில் எந்த நீளத்திலும் இப்போது அறுக்கக் கூடாது. கணக்கு சொல்வதைவிட நான்கைந்து செ.மீ. நீளமாக விட்டுப் பொருத்தி, இசைவு அதிர்வெண்ணை மின்மறுப்பின் (மாறுமின்னோட்டத்துக்கு டிரைவர் காட்டும் தடையின்) வழியே அளந்து, பிறகு குறைத்துக்கொண்டு வருவதே முறை. அறுத்த குழாயைக் குறைக்கலாம், வளர்க்க முடியாது என்பது ஒரு காரணம். கொள்ளளவு, முனைகள், வளைவு, ஒழுக்கு ஆகிய அனைத்தின் பிழைகளும் கடைசியில் ஒரே எண்ணாக வெளிப்படும் இடம் அளவீடு மட்டுமே என்பது அதைவிட முக்கியமான காரணம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. 18.8 லிட்டர் என்பது அறையின் உள்ளளவா, உள்ளே இருக்கும் பொருள்களைக் கழித்த நிகர அளவா?

பதிவு 3 · மரத்தூள்

எனக்கும் அதே ஐயம். 18.8 லிட்டர் அறைக்குள் 39 செ.மீ. குழாய் நேராக நிற்பதே கடினம். முன்னறையின் உள் அளவுகளையும் குழாயின் வெளிவிட்டத்தையும் எழுதுங்கள். டிரைவரின் காந்தம் எந்த அறைக்குள் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

பதிவு 4 · தாழொலி

முன்னறையின் உள்ளளவு 30 × 30 × 20.9 செ.மீ. 18.8 லிட்டர் என்பது இந்த அளவுகளின் பெருக்கம்தான்; குழாயை அதில் கழிக்கவில்லை. குழாயின் வெளிவிட்டம் 11 செ.மீ. காந்தம் பின்னறைக்குள் இருக்கிறது. அதன் இடத்தைப் பின்னறைக் கணக்கில் கழித்திருக்கிறேன். குழாயை எல்போ வைத்து அறைக்குள்ளேயே மடக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்தால் அறையின் அளவு குறைவது இசைவை எவ்வளவு பாதிக்கும்?

பதிவு 5 · மின்மறுப்பு

பெரிதும் பாதிக்கும். 11 செ.மீ. வெளிவிட்டமுள்ள குழாய் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 95 மி.லி. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 39 செ.மீ. குழாய் முழுவதும் உள்ளே இருந்தால் 3.7 லிட்டர் போய்விடும். அதாவது அறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மிஞ்சும் 15.1 லிட்டரில் அதே குழாய் 58 ஹெர்ட்சில் இசையும். முனைத் திருத்தத்தில் எந்த எண்ணைப் போடுவது என்று நாம் விவாதிக்கும் வேறுபாடு ஒன்றரை ஹெர்ட்சுக்கும் குறைவு. இந்தப் பிழை 6 ஹெர்ட்ஸ்.

இதைக் குழாயை நீட்டிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். நீட்டினால் நீட்டிய பகுதியும் இடத்தைப் பிடிக்கும். அறை மேலும் சுருங்கும். மறுபடி நீட்ட வேண்டும். இந்தத் துரத்தல் எங்கே நிற்கிறது என்று சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்தேன்: குழாய் 58 செ.மீ., அறை 13.2 லிட்டர். அப்போது இசைவு 52 ஹெர்ட்சுக்கு வந்துவிடும். ஆனால் அது நீங்கள் வடிவமைத்த பெட்டியாக இராது. பேண்ட்பாஸ் கணக்கில் பட்டையின் அகலத்தையும் மேடுபள்ளத்தையும் முடிவு செய்யும் எஸ் என்ற எண் முன்னறையின் கொள்ளளவோடு கட்டுண்டது. உங்கள் 18.8 லிட்டருக்கு எஸ் 0.7, அதில் பட்டை சமதளமாக இருக்கும். 0.6க்கு இறங்கினால் 0.35 டெசிபல் மேடுபள்ளம், 0.5க்கு 1.25 டெசிபல். 13.2 லிட்டரில் எஸ் 0.6க்கும் சற்றுக் கீழே போகிறது. பட்டை விரியும், அதற்கு ஈடாக ஒலியளவு குறையும். இசைவு அதிர்வெண் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு பெட்டிகள் ஒன்றாகிவிடுவதில்லை. கணிப்பானில் குழாய் நீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் தவறவிடும் செய்தி இதுதான் என்பதால் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

குழாயை வெளியே நீட்டிவிடுவதே எளிய தீர்வு. உள்வாய் பலகையின் உட்புறத்தோடு சமமாக முடியட்டும். மீதி முழுவதும் பெட்டிக்கு வெளியே போகட்டும். அறை 18.8 லிட்டராகவே இருக்கும். ஒரு முனை பலகையோடு, மறுமுனை வெறுங்காற்றில் என்பதால் 39 செ.மீ. என்ற கணக்கு பொருந்தும். பெட்டியைத் திறக்காமலே வெளிமுனையில் அறுத்து இசைவிக்கலாம் என்பது கூடுதல் வசதி.

பதிவு 6 · மரத்தூள்

வெளியே நீட்டுவதை நானும் ஆதரிக்கிறேன். வெளியே நீளம் இடைஞ்சல் தந்தால் அங்கே ஒரு எல்போ வைத்துப் பெட்டியின் முதுகோடு சேர்த்து மடக்கிவிடலாம். வளைவின் நீளத்தை நடுக்கோட்டின் வழியே அளக்க வேண்டும். உள்வளைவிலோ வெளிவளைவிலோ அளந்தால் சில சென்டிமீட்டர் தவறும்.

முன்னறையின் ஒரு பலகையை ஒட்டாதீர்கள். ரப்பர் அல்லது நுரைப் பட்டை வைத்துத் திருகாணிகளால் இறுக்கும் மூடியாகச் செய்யுங்கள். பேண்ட்பாஸ் பெட்டியில் டிரைவர் வெளியே தெரியாது. பழுது வந்தாலும் அளவெடுக்க வேண்டுமானாலும் அந்த மூடி ஒன்றுதான் வழி. திருகாணிகளுக்கு இடையே 8 முதல் 10 செ.மீ. இடைவெளி இருந்தால் பட்டை எங்கும் சமமாக அழுந்தும். எம்டிஎஃப்பின் ஓரத்தில் நேரடியாகத் திருகினால் அடுக்கு பிளந்துகொள்ளும் என்பதால், உள்மூலைகளில் மரச்சட்டம் ஒட்டி அதில் திருகுங்கள். அந்தச் சட்டங்களின் இடத்தையும் கொள்ளளவில் கழிக்க மறக்க வேண்டாம்.

டிரைவரின் கம்பி நடுப்பலகையைத் துளைத்து முன்னறை வழியாக வருகிறதென்றால் அந்தத் துளையை நன்றாக அடைக்க வேண்டும். வெளியே காற்று ஒழுகினால் சீறல் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு அறைகளுக்கும் இடையே ஒழுகினால் காதுக்கு எதுவும் கேட்காது, ஆனால் இசைவு மழுங்கிப்போகும்.

குழாயின் உள்வாய்க்கு நேர் எதிரே உள்ள சுவர் குறைந்தது ஒரு விட்டத் தூரமாவது தள்ளி இருக்கட்டும். நெருங்கினால் பயனுறு நீளம் கூடி இசைவு இறங்கும். பலகைகளால் அமைத்த நீள்சதுரத் துளை வைப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். துளையின் ஒரு பக்கம் அறையின் சுவரோடு ஒட்டி ஓடும்போது முனைத் திருத்தம் வட்டக் குழாயைவிடக் கணிசமாகக் கூடும்.

அளந்து பார்க்கும் கட்டத்தில் ஒரு நெடுங்குழாயை அறுத்துக்கொண்டே போவதற்குப் பதிலாக, பலகையில் ஒரு குட்டைத் துண்டைப் பதித்து, கப்ளர் வழியாக வெவ்வேறு நீளத் துண்டுகளை மாட்டிக் கழற்றலாம். ஆனால் கப்ளருக்குள் இரண்டு துண்டுகளும் முட்டிக்கொள்ள வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே காற்று சுழன்று இரைச்சல் வரும்.

பதிவு 7 · செவிவழி

நான் சற்று மாறுபடுகிறேன். பெட்டி இசை கேட்பதற்காக, அளவுக்கருவிக்காக அன்று. நான் கப்ளர் வைத்து, நன்கு பழகிய பாடல்களை ஓடவிட்டு, குழாயை நீட்டியும் குறைத்தும் காதால் தீர்மானிப்பேன். என் அனுபவத்தில் 52 ஹெர்ட்ஸ் அதிகம்; 45க்கு இறக்கினால் ஆழம் கூடும். மேலும் இந்தப் பெட்டியில் எல்லா ஒலியும் குழாய் வழியாகத்தான் வருகிறது என்பதால் 10 செ.மீ. மிகவும் ஒடுக்கம். 15 செ.மீ. குழாய் போட்டால் காற்றிரைச்சல் பற்றிய கவலையே இராது.

பதிவு 8 · மின்மறுப்பு

இரண்டும் எண்களை வைத்துப் பார்க்க வேண்டிய கருத்துகள், தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 45 ஹெர்ட்ஸ். டிரைவர் நேரே வெளியே ஒலிக்கும் சாதாரணக் குழாய்ப் பெட்டியில் இசைவை இறக்கினால் ஆழம் கூடும் என்பது சரி. அந்தப் பழக்கத்தை அப்படியே பேண்ட்பாஸுக்குக் கொண்டுவர முடியாது. இங்கே இசைவு அதிர்வெண்ணுக்கு மிகவும் கீழே குழாயிலுள்ள காற்று கூம்பின் அசைவை அப்படியே பின்தொடர்கிறது. அந்த இடத்தில் ஒலியளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பின்னறையும் டிரைவரும்தான். தாழொலியின் எண்களை வைத்து இரண்டு இசைவுகளுக்கும் கணக்கிட்டுப் பார்த்தேன். 52லிருந்து 45க்கு இறக்கினால் 25 ஹெர்ட்சில் 1.7 டெசிபலும் 32 ஹெர்ட்சில் 1 டெசிபலும் கூடுகின்றன. அதே வேளையில் 50 ஹெர்ட்சில் 2.8 டெசிபலும் 85 ஹெர்ட்சில் 3.8 டெசிபலும் இழக்கிறோம். சமதளமாக இருந்த பட்டை மேலே போகப்போகச் சரிகிறது. மேற்பகுதி குறைந்ததால் அடிப்பகுதி கூடியதுபோல் காதுக்குத் தோன்றும். காதால் இசைவிப்பவர்கள் தாழ்ந்த இசைவை விரும்புவதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறேன். மெய்யாகவே ஆழம் வேண்டுமானால் பின்னறையைப் பெரிதாக்கி, அங்கிருந்து கணக்கை மறுபடி தொடங்க வேண்டும். பின்னறை 52இல் நிற்க, குழாயை மட்டும் இழுத்து அதை அடைய முடியாது.

அடுத்து 15 செ.மீ. குழாய். பரப்பு 2.25 மடங்கு ஆவதால் பயனுறு நீளமும் அதே மடங்காகி 104 செ.மீ. ஆகிறது, முனைத் திருத்தம் போக 93 செ.மீ. குழாய். இவ்வளவு நீளக் குழாய் தன்னளவில் ஓர் ஊதுகுழலாகிவிடும். இரு முனையும் திறந்த குழாயின் முதல் ஒத்ததிர்வு ஒலியின் வேகத்தைப் பயனுறு நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். இங்கே அது 165 ஹெர்ட்ஸ். பட்டையின் மேல் எல்லை 86. நான்காம் வரிசைப் பெட்டி மேற்பக்கம் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரு மடங்காகும் இடைவெளிக்கு) 12 டெசிபல் வீதமே இறங்குகிறது. ஓர் ஆக்டேவ் கூடத் தள்ளியிராத 165இல் ஒரு கூர்முனை வந்தால் ஆண்குரல்களில் அது தெளிவாகக் கேட்கும். 10 செ.மீ. குழாயில் அந்த முனை 371 ஹெர்ட்ஸ். இரண்டு ஆக்டேவுக்கு மேல் தள்ளி நிற்கிறது.

காற்றின் வேகம் பற்றிய கவலை நியாயமானது. 32 ஹெர்ட்சில் கூம்பு தன் முழு 8 மி.மீ. அசைந்தால், முன்னறையின் பெருக்கத்தையும் சேர்த்து, 10 செ.மீ. குழாயில் காற்றின் உச்ச வேகம் நொடிக்கு 11 மீட்டர், 7.5 செ.மீ. குழாயில் 19 மீட்டர். 17 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது பரவலான நடைமுறை. இசைவு அதிர்வெண்ணை நெருங்க நெருங்க ஒரே கூம்பசைவுக்குக் குழாய்க் காற்று மேலும் விரைவாக ஓடும் என்பதால், 10 செ.மீ. குழாயில் தாராளமான இடம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். போதுமானது என்று சொல்வேன். வெளிவாயின் உள்விளிம்பை உருட்டிவிட்டால் இரைச்சல் குறையும். உருட்டிய பகுதி முழு நீளமாகக் கணக்கில் வராது, இசைவு சற்று ஏறும். ஆகவே அறுக்கும் முன்பே உருட்டிவிட்டு அளக்க வேண்டும்.

பதிவு 9 · செவிவழி

15 செ.மீ. பற்றிய உங்கள் கணக்கை ஏற்கிறேன். 165 ஹெர்ட்ஸ் முனை எனக்கும் பிடிக்காது. ஆனால் கடைசித் தீர்ப்பு அறையில்தான் கிடைக்கும் என்ற என் கருத்து மாறவில்லை. சமதளமான பட்டை அறைக்குள் வந்ததும் சமதளமாக இருப்பதில்லை.

பதிவு 10 · மின்மறுப்பு

அதை நான் மறுக்கவில்லை; அதனாலேயே காதை முதலில் அழைக்க வேண்டாம் என்கிறேன். 4 மீட்டர் நீள அறையின் முதல் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்சில் விழுகிறது. குழாயை மாற்றிக்கொண்டே பாடல் கேட்பவருக்கு 43இல் எழும் முழக்கம் பெட்டியுடையதா அறையுடையதா என்று பிரித்தறிய வழியில்லை. நாற்காலியை ஓரடி நகர்த்தினால் முடிவும் மாறும். மின்மறுப்பு அளவீட்டில் அறை பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. பெட்டியை வடிவமைத்தபடி நிறுத்திவிட்டு, பிறகு இடத்தையும் ஈக்வலைசரையும் காதால் தேர்ந்தெடுப்பதே நல்ல வரிசை.

பதிவு 11 · தாழொலி

குழாயை வெளியே நீட்டுவதென முடிவு செய்து, பலகையில் வாயைப் பதித்துவிட்டேன். வெளிவிளிம்பு உருட்டாமல் நேராகவே இருக்கிறது. நீளம் இப்போது 44 செ.மீ. என்னிடம் கணினியின் சவுண்ட் கார்டும் மல்டிமீட்டரும் உள்ளன. இவற்றைக் கொண்டு அளக்கும் முறையை விளக்க முடியுமா?

பதிவு 12 · மின்மறுப்பு

சவுண்ட் கார்டே போதும். மல்டிமீட்டரின் ஏசி அளவு 40 ஹெர்ட்சுக்குக் கீழே பல கருவிகளில் நம்பத்தக்கதன்று. ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து 100 ஓம் மின்தடை வழியாக டிரைவருக்குச் சிக்னல் கொடுங்கள். மின்தடைக்கு முன்னால் உள்ள மின்னழுத்தத்தை ஓர் உள்ளீட்டிலும் டிரைவரின் முனையில் உள்ளதை மற்றோர் உள்ளீட்டிலும் எடுத்தால் மென்பொருள் மின்மறுப்பை வரைந்துவிடும். 10 ஹெர்ட்சிலிருந்து 200 வரை மெதுவாக ஏறும் சிக்னல் போதும். அளவைச் சிறிதாகவே வையுங்கள். நமக்கு வேண்டியது வரைபடத்தில் மேடுகள் நிற்கும் அதிர்வெண்கள் மட்டும் என்பதால் ஓம் கணக்கு துல்லியமாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். முன்னறையின் மூடியைக் கழற்றிவிட்டு எடுப்பது முதலாவது. பின்னறை மட்டும் வேலை செய்வதால் ஒரே மேடு தெரியும். அது 52க்கு அருகில் இருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் குழாயைத் தொடவே வேண்டாம், பின்னறையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதிகமாக இருந்தால் பின்னறையில் பஞ்சு நிரப்பி இறக்கலாம். பஞ்சு காற்றின் வெப்பநிலை மாற்றத்தைத் தடுப்பதால் அறை பெரிதானதுபோல் நடந்துகொள்ளும். கோட்பாட்டின் உச்ச வரம்பு 1.4 மடங்கு, நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனால் முன்னறையில் பஞ்சு திணிக்கவே கூடாது. அது குழாயின் ஒத்ததிர்வையே அடக்கிவிடும்.

இரண்டாவது அளவு மூடியைப் பொருத்திக் குழாயை அடைத்து எடுப்பது. அடைப்பு உள்வாயில் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வெளிவாயை அடைத்தால் குழாய்க்குள் இருக்கும் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் காற்றும் அறையோடு சேர்ந்து, மேடு மூன்று ஹெர்ட்ஸ் வரை கீழே தெரியும். பிறகு வரும் கணக்கு எல்லாம் கெடும். இறுக்கமான நுரையுருளை ஒன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மூடியைக் கழற்றி உள்ளிருந்தே வாயில் செருகி, பலகையோடு சமமாக நிறுத்துங்கள். உங்கள் எண்களுக்கு இந்த மேடு 74.6 ஹெர்ட்சில் வர வேண்டும். அது தட்டையாகவும் அகலமாகவும் வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று பொருள்.

மூன்றாவது, குழாயைத் திறந்து எடுப்பது. இரண்டு மேடுகளும் இடையில் ஒரு பள்ளமும் வரும். பள்ளத்தின் அடி நிற்குமிடமே இசைவு அதிர்வெண் என்று வழக்கமாகச் சொல்வார்கள். தோராயமாக அது சரி. ஆனால் பள்ளத்தின் அடி தட்டையானது, டிரைவர் சுருளின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) அதை இழுக்கவும் செய்யும். மேடுகளோ கூர்மையானவை. எனவே இரண்டு மேடுகளின் அதிர்வெண்களையும் வர்க்கமாக்கிக் கூட்டி, அடைத்த நிலையில் கிடைத்த மேட்டின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக் கணக்குகளை வகுத்த பொறியாளர்களான நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் ஆகியோரின் வழிவந்த குழாய்ப் பெட்டிக் கணக்கில் உள்ள உறவு இது. பின்னறை மூடியிருப்பதால் அதன் காற்று டிரைவரின் சஸ்பென்ஷனோடு (கூம்பைத் தாங்கும் மீள்தன்மையுள்ள பகுதியோடு) சேர்ந்த இன்னொரு ஸ்பிரிங்காக மட்டுமே செயல்படுகிறது. அதனால் நான்காம் வரிசைப் பெட்டிக்கும் இந்த உறவு அப்படியே பொருந்துகிறது.

பதிவு 13 · தாழொலி

அளந்துவிட்டேன். மூடி இல்லாமல் 51.8 ஹெர்ட்ஸ். உள்வாயை அடைத்து 74.4. திறந்த நிலையில் மேடுகள் 30.1, 83.6. பள்ளம் 48க்கும் 51க்கும் இடையே ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அதிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வது கடினம் என்று நீங்கள் எழுதியது இப்போது விளங்குகிறது.

பதிவு 14 · மின்மறுப்பு

மிக நல்ல அளவுகள். 51.8, 74.4 இரண்டும் கணக்கோடு ஒட்டி நிற்பதால் கொள்ளளவுகளும் காற்றடைப்பும் சரியாக உள்ளன. வர்க்கங்கள் 906, 6989, கூட்டி 5535ஐக் கழித்தால் 2360, மூலம் 48.6 ஹெர்ட்ஸ். 44 செ.மீ.க்குச் சூத்திரம் தரும் எண் 49.4.

இலக்கு இப்போது 52 அன்று, 51.8, பின்னறை எங்கே நிற்கிறதோ அங்கேதான் முன்னறையும் நிற்க வேண்டும். 51.8ஐ 48.6ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 1.136. பயனுறு நீளம் இப்போது 51.3 செ.மீ.; அதை 1.136ஆல் வகுத்தால் 45.2. குறைக்க வேண்டியது 6 செ.மீ. சூத்திரத்துக்கும் அளவுக்கும் உள்ள சிறு வேறுபாடு கொள்ளளவிலிருந்து வந்ததா முனையிலிருந்து வந்ததா என்று கவலைப்பட வேண்டாம்; எதிலிருந்து வந்தாலும் குறைக்க வேண்டிய நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மாறாது. இருந்தாலும் முதலில் 4 செ.மீ. மட்டும் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள். இந்த நிலையில் ஒரு செ.மீ. அரை ஹெர்ட்சுக்குச் சற்று மேல்தான் என்பதால், அறுப்பில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒன்றும் ஆகிவிடாது. வாய் சாய்வாக அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 15 · ஆறாம்வரிசை

இழையின் போக்குக்கு நெருக்கமான கேள்வி என்பதால் இங்கேயே கேட்கிறேன். என் ஆறாம் வரிசைப் பெட்டியில் இரண்டு அறைகளுக்கும் தனித்தனியே வெளிக்குழாய் உண்டு. மின்மறுப்பில் மூன்று மேடுகளும் இரண்டு பள்ளங்களும் வருகின்றன. ஒரு குழாயைக் குறைத்தால் இரண்டு பள்ளங்களுமே சற்று நகர்வதுபோல் தெரிகிறது. எதை முதலில் இசைவிப்பது?

பதிவு 16 · மின்மறுப்பு

ஒன்றை உள்வாயில் அடைத்துவிட்டு மற்றதை இசைவியுங்கள். அடைத்த அறை மூடிய அறையாகிவிடுவதால் பெட்டி தற்காலிகமாக நான்காம் வரிசையாகிறது. மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும். பிறகு மாற்றி அடைத்து அடுத்த குழாயை இசைவியுங்கள். இரண்டும் இலக்கில் நின்ற பிறகே இரண்டையும் திறந்து வரைபடம் எடுங்கள். இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டு பள்ளங்களைத் துரத்துவது வேண்டாம்.

ஆறாம் வரிசைக்கு ஓர் எச்சரிக்கை. தாழ்ந்த இசைவுக்கும் கீழே இரண்டு குழாய்களின் காற்றும் எதிரெதிராக அசைந்து ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூம்புக்குப் பிடிமானம் இராது. ஒலி கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டினால் சுருள் அடிவாங்கும், டிரைவர் மறைவாக இருப்பதால் அது கண்ணுக்கும் தெரியாது. தாழ்ந்த இசைவுக்குச் சற்றுக் கீழே ஒரு ஹைபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுப்பது) கட்டாயம் வையுங்கள். நான்காம் வரிசையில் மூடிய பின்னறையின் காற்றே கூம்பைப் பிடித்து நிறுத்துவதால் இந்த ஆபத்து மிகக் குறைவு. வீட்டில் முதன்முதலாகச் செய்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதற்கு இதுவே தலையாய காரணம்.

பதிவு 17 · தாழொலி

4 செ.மீ. குறைத்த பிறகு மேடுகள் 31.0, 84.4, கணக்கு 50.5 ஹெர்ட்ஸ். மேலும் 2 செ.மீ. குறைத்தேன்: 31.5, 84.9, கணக்கு 51.6. குழாய் 38 செ.மீ.இல் நிற்கிறது. இதோடு விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

மைக்கைக் குழாயின் வாயருகே வைத்தும் எடுத்துப் பார்த்தேன். 32 முதல் 85 வரை வடிவம் எதிர்பார்த்தபடி இருக்கிறது. ஆனால் 380 ஹெர்ட்சுக்கு அருகில் ஒரு குறுகிய முனை எழுகிறது. செவிவழி அவர்கள் கேட்டால் விரும்பமாட்டார்கள்.

பதிவு 18 · செவிவழி

உண்மையிலேயே விரும்ப மாட்டேன். சப்வூஃபர் இருக்குமிடத்தைக் காது கண்டுபிடித்துவிடுவது இத்தகைய முனைகளால்தான். பெட்டியே பட்டையை வடிகட்டுகிறதே என்று ஃபில்டர் இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

பதிவு 19 · மின்மறுப்பு

வழிமொழிகிறேன். அது குழாயின் சொந்த ஒத்ததிர்வு, 38 செ.மீ.உடன் முனைத் திருத்தம் சேர்த்தால் 380தான் வருகிறது. 80 ஹெர்ட்சில் ஆக்டேவுக்கு 24 டெசிபல் லோபாஸ் ஃபில்டர் (உயர்ந்த அதிர்வெண்களைத் தடுப்பது) வைத்தால், இரண்டு ஆக்டேவுக்கு மேல் தள்ளியிருக்கும் அந்த முனை 50 டெசிபலுக்கு மேல் அமுங்கிவிடும். பட்டையின் மேல் எல்லையில் ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து இறக்கும் என்பதால், பிரதான ஸ்பீக்கர்களோடு இணையும் இடத்தை 70க்கும் 80க்கும் இடையே வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

51.6இல் நிறுத்தியது சரியான முடிவு. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு கூடுவதால், 20 டிகிரியில் 51.6ஆக இருப்பது 35 டிகிரியில் 53ஐத் தொடும். அதற்குள் மில்லிமீட்டர்களைத் துரத்துவதில் பயனில்லை.

பதிவு 20 · மரத்தூள்

குழாயை நிரந்தரமாக ஒட்டும்போது பலகையைச் சுற்றி உட்புறமும் வெளிப்புறமும் பசையை வழிய விட்டு இழுத்துவிடுங்கள். 38 செ.மீ. குழாய் ஒரு முனையில் மட்டும் பிடிபட்டுத் தொங்கினால் நடுங்கும் என்பதால், வெளிமுனைக்கு அருகே பெட்டியோடு சேர்த்து ஒரு மரக்கவ்வியும் வையுங்கள். அது வாயிலிருந்து ஒரு விட்டமாவது உள்ளே தள்ளியே நிற்கட்டும். பசை முழுவதும் காய்ந்த பின் மேடுகளை இன்னொரு முறை பாருங்கள். 31.5, 84.9 இரண்டும் அதே இடத்தில் நின்றால் மூடியின் திருகாணிகளை இறுக்கிவிடலாம்.